முதலைக்கு ஜிப் வயிற்றில், கரடிக்கு முதுகில்

"முதலையும் பனிக்கரடியும் சண்டை போட்டா யார் ஜெயிப்பாங்க?"

பாண்டி பஜார் நடைபாதையில் நிற்கும் என்னிடம் பிள்ளைகள் ஓயாமல் கேட்கிற கேள்வி இது. என் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. ஸ்பாஞ்சும் ரப்பர் துணியும் சேர்த்துத் தைத்த ஒரு பச்சை முதலையின் வாயைப் பார்த்துக் கேட்கிறார்கள். அந்த வாய்க்குள், கறுப்பு வலைத்துணிக்குப் பின்னால் நான் இருக்கிறேன். குழந்தைகள் துணிக்கடை ஒன்றின் வாசலில் ஆடி, கையாட்டி, தெருவில் போகிறவர்களை உள்ளே இழுப்பது என் பிழைப்பு. சில கடைகள் தள்ளி, ஏசி விற்கிற ஷோரூம் வாசலில் வெள்ளைக் கரடியாக நின்றவர் என் வீட்டுக்காரர்.

வேஷத்துக்குள் இருக்கும்போது பேசக் கூடாது என்பது கடையின் சட்டம். அதனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதே இல்லை. ஆனால் இந்த இரண்டு பிராணிகளையும் ஒப்பிட்டுப் பேச இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

ப்ளஸ் டூவில் உயிரியல் படித்தவள் நான். பரீட்சையில் 'வேறுபடுத்துக' என்று ஒரு கேள்வி வரும். தாளின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒன்றையும் அந்தப் பக்கம் ஒன்றையும் எழுத வேண்டும். ஊர்வன, பாலூட்டி. குளிர் ரத்தம், வெப்ப ரத்தம். செதில், ரோமம். எல்லாம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். ஜிப் எந்தப் பக்கம் என்பது மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை. முதலைக்கு ஜிப் வயிற்றில். கரடிக்கு முதுகில். எங்கள் வாழ்க்கை நாசமானதற்கு இந்த ஒரு வித்தியாசம் போதுமானதாக இருந்தது.

நான் முதலையானது என் விருப்பத்தால் அல்ல. துணி மடித்து வைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். பள்ளி லீவு சமயத்தில் வாசலில் ஏதாவது பொம்மை வேஷம் நின்றால் பிள்ளைகள் அம்மாவை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று முதலாளிக்குத் தோன்றியது. வடபழனியில் சினிமாவுக்கு வேஷச் சாமான் கொடுக்கிற இடத்துக்கு ஆள் அனுப்பினார். யானை, குரங்கு, முயல் எல்லாவற்றையும் வேறு கடைக்காரர்கள் ஏற்கெனவே அள்ளிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது முதலை. அதுவும் குள்ளமான முதலை. கடையில் குள்ளமாக இருந்தது நான். அவ்வளவுதான் என் தகுதி.

வருகிற கூட்டத்துக்கு நான் முதலை என்பதே புரியாது. பல்லி என்பார்கள், ஓணான் என்பார்கள், "டைனோசர் பாரு கண்ணா" என்பார்கள். வாலை மிதிப்பார்கள். கரடிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. யார் பார்த்தாலும் கரடி. கட்டிப்பிடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், காதலர்கள் நடுவில் நிறுத்திச் சிரிப்பார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். கரடியின் உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு அந்தப் பொறாமை போய்விட்டது.

அவருடைய முகத்தை நான் பார்ப்பதற்கு முன்னால் முதுகைத்தான் பார்த்தேன். ஒரு மத்தியானம் அந்தக் கரடி தட்டுத்தடுமாறி என்னிடம் வந்து திரும்பி நின்றுகொண்டது. உள்ளேயிருந்து ஒரு குரல்: "இந்தாமே, பின்னால ஜிப்பை ஜல்தி இழுத்து வுடு. வாட்ச்மேன் சோத்துக்குப் போய்ட்டான். மூச்சு முட்டுது." நான் என் கை உறைகளைக் கழற்றி, கடை இடுக்கில் அவரை இழுத்துப் போய் ஜிப்பை இறக்கினேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வேர்க்குரு சிவந்து கிடந்தது. துவைக்கப் போட்ட துணிமூட்டையைப் பிரித்தது போல ஒரு ஆவி மேலே வந்தது. "ஷோக்கா கீது," என்றார், தெருக்காற்று முதுகில் பட்டதும். பாண்டி பஜார் மத்தியானக் காற்றை ஒரு மனிதன் ஷோக்கா கீது என்று சொன்னால் அவன் எங்கிருந்து வந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு வாட்ச்மேன் தேவைப்படவில்லை, சீக்கிரமே கல்யாணமும் ஆனது. காலையில் ஜிப் போட்டு விடுவது நான், மத்தியானம் கழற்றி விடுவது நான். முதலைக்கு யார் தயவும் வேண்டாம், தானே வயிற்றைத் திறந்து வெளியே வந்துவிடும். முதலையின் வாய் திறந்தே இருக்கும், காற்று வரும். தண்ணீர் பாக்கெட்டை அந்த வாய் வழியாகவே உள்ளே வாங்கிப் பல்லால் கடித்து உறிஞ்சிவிடுவேன். அவசரம் என்றால் மூன்றாவது மாடியில் கடைப் பெண்களுக்கான பாத்ரூமுக்கு வாலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவேன். கரடியின் வாய் மூடியிருக்கும். மூடி, சிரித்துக்கொண்டிருக்கும். மூக்கு ஓட்டை வழியாகத்தான் அவர் உலகத்தைப் பார்த்தார். தலைக்குள் சின்ன ஃபேன் ஒன்று வைத்திருந்தார்கள், அது வந்த சில நாளிலேயே நின்றுபோனது. ஷோரூம் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து குளிர்காற்று வந்து கரடியின் ரோமத்தை அசைக்கும். உள்ளே இருப்பவருக்கு ரோமம் அசைவது தெரியும், குளிர் தெரியாது.

எங்கள் சண்டை தற்செயலாகத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கரடி என் வாலை மிதித்துவிட்டது. நான் கோபத்தில் வாலைச் சுழற்றி ஒரு அடி கொடுத்தேன். கரடி மல்லாந்து விழுந்தது. பிள்ளைகள் கைதட்டிக் கூத்தாடினார்கள், கூட்டம் சேர்ந்தது. இரண்டு கடைக்காரர்களும் பேசிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் சண்டை என்று வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் முதலை ஜெயிக்கும், மறு வாரம் கரடி ஜெயிக்கும். தோற்றவர் நடைபாதையில் கைகாலைப் பரப்பிக்கொண்டு படுத்துவிட வேண்டும், பிள்ளைகள் ஒன், டூ, த்ரீ எண்ணுவார்கள்.

உண்மையைச் சொன்னால் நாங்கள் இருவரும் தோற்பதற்காகத்தான் சண்டை போட்டோம். தோற்றால் படுக்கலாம். அந்தக் கல் சுடும், ஆனாலும் காலுக்கு ஓய்வு. சில வாரம் அவர் என் முறையைத் திருடிக்கொண்டு தானே பொத்தென்று விழுந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஒரு நிஜச் சண்டை நடக்கும்.

ஒரு முறை கண்ணாடி போட்ட ஒரு பெண் குழந்தை கூட்டத்தின் முன்னால் வந்து நின்று கண்டிப்பாகச் சொன்னாள்: "இது ராங். ரெண்டும் மீட் பண்ணவே முடியாது. போலார் பேர் ஆர்க்டிக்ல இருக்கும். முதலை ஹாட் கன்ட்ரில இருக்கும். புக்ல போட்டிருக்கு." அன்று பஸ்ஸில் அவர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். "இன்னா மே, நாம மீட்டே பண்ண முடியாதாம். அப்ப நான் யார கண்ணாலம் கட்டிக்கினு கீறேன்?" அவருக்குக் கோபமே வராது. கோபத்தையெல்லாம் மொத்தமாக என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்.

கல்யாணமான புதிதில் நாங்கள் அடையாற்றங்கரையில் குடியிருந்தோம். கொசுவும் நாற்றமும் இருந்தாலும் தி.நகருக்குப் பக்கம். மத்தியானம் இருவரும் வீட்டுக்குப் போவோம். அவர் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பார், இன்னொரு சொம்பைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார், சாப்பிடுவார், கொஞ்சம் படுப்பார். அதற்குப் பிறகுதான் மறுபடி கரடி. அந்த ஒரு மணி நேரம் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆற்றங்கரையைக் காலி பண்ணச் சொன்னார்கள். எங்களைப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சிமெண்டு வீடு, கக்கூஸ் உள்ளேயே. சந்தோஷப்பட வேண்டும் என்றார்கள். விடிந்ததும் பஸ் பிடித்து, பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகையை மூக்கில் வாங்கி, நெரிசலில் தொங்கி தி.நகர் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மத்தியானம் வீட்டுக்குப் போவது என்ற பேச்சே இல்லை. ஷோரூம் பாத்ரூமுக்குள் கரடி போகக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ரோமம் உதிர்ந்து டைல்ஸில் ஒட்டிக்கொள்கிறதாம். வேஷத்தை முழுக்கக் கழற்றிவிட்டுப் போகலாம். ஆனால் வேர்வையில் ஊறிய உறையை ஒரு தடவை கழற்றினால் மறுபடி மாட்டுவது நரகம், உடம்பெல்லாம் ஈரச் சாக்கு ஒட்டின மாதிரி இருக்கும்.

ஆகவே அவர் தண்ணீரை நிறுத்தினார்.

இது அவர் கண்டுபிடித்த வழி அல்ல. பொம்மை வேஷம் கட்டுகிற ஆட்களுக்குள் இது பழைய வழக்கம். காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் தொடக் கூடாது. இட்லிக்குச் சாம்பார் கூடாது, சட்னி மட்டும். நாக்கு வறண்டால் ஒரு புளியங்கொட்டையை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும், எச்சில் ஊறும். சாயங்காலம் வேஷம் கழற்றிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளலாம். தொழில் தெரிந்தவன் என்பதற்கு இதுதான் அடையாளம். நடுவில் ஜிப்பைக் கழற்றச் சொல்கிறவனை மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

போதாக்குறைக்கு அவர் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டார். சினையான வெள்ளைக் கரடி பனியில் பள்ளம் தோண்டிக் குட்டி போட உள்ளே போனால் மாசக்கணக்கில் வெளியே வராதாம். தின்னாது, குடிக்காது, ஒண்ணுக்கும் போகாதாம்.

"பாத்தியா மே, பொட்டக் கரடியே அத்தினி மாசம் அடக்கிக்கினு கீது. நான் ஆம்பளக் கரடி. சாயங்காலம் வரிக்கும் அடக்க மாட்டனா?"

"அது உள்ள போயி குட்டி போட்டுக்கினு வரும். நீ இன்னா போட்டுக்கினு வரப் போற?"

"ஏசி விப்பேன்," என்றார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கரடியின் உடம்பு வேறு, அது தன் கழிவையே திருப்பி எடுத்துச் சத்தாக்கிக்கொள்ளும், உன் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது மாமா என்று படித்துப் படித்துச் சொன்னேன். தண்ணீர் பாக்கெட்டைக் கொண்டுபோய் அவர் கையில் திணிப்பேன். அந்தப் பெரிய வெள்ளைத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். பார்க்கிற பிள்ளைகள் அதையும் ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பார்கள். "ஜாடை காட்டு, நான் வந்து கழட்டி வுடறேன்," என்பேன். ஒரு நாளும் ஜாடை காட்டியதில்லை.

ஒரு வார லீவு நாளில் கிண்டி பாம்புப் பண்ணையில் நிஜ முதலையைப் பார்க்கப் போனோம். என் ஜாதிக்காரங்களைப் பார்க்கப் போவதாக அவர் கிண்டல் செய்துகொண்டே வந்தார். முதலைகள் கரையில் வாயைப் பிளந்துகொண்டு கல் மாதிரி கிடந்தன. ஈ உட்கார்ந்தாலும் அசையவில்லை. வாயைத் திறந்து வைத்திருப்பது கடிக்க அல்ல, உடம்புச் சூட்டை வெளியே விடுவதற்கு என்று பலகையில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன். ரொம்பச் சுட்டால் தண்ணீருக்குள் இறங்கிவிடும், குளிர்ந்தால் வெயிலுக்கு ஏறிவிடும். உள்ளே சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத பிராணி என்பதால் அதற்குச் சாப்பாடும் அதிகம் வேண்டாம். கரடி அப்படி இல்லை. கரடியின் உடம்பே அடுப்பு. கொழுப்பும் ரோமமும் அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். பனியில் அது வரம். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "மொதலைக்கு வாய் கீது. கரடிக்கு இன்னா வழி வச்சிருக்கு?" என்றார். பனியை விட்டு வராமல் இருப்பதுதான் வழி என்று இப்போது தோன்றுகிறது.

கால் வீங்கத் தொடங்கியது. செருப்பு பற்றவில்லை. நின்று நின்று வீங்குகிறது என்றார். இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கி தினம் போட்டுக்கொண்டார், அதையும் சொட்டுத் தண்ணீரில் விழுங்கினார். சாப்பாடு பிடிக்கவில்லை. காலையில் குமட்டல். "நீ இன்னா, சினையா கீறியா?" என்று நான் கேட்டேன், அவரும் சிரித்தார். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்வேன், இந்த சீசன் முடியட்டும் என்பார். ஏசிக்கு சீசன் கத்திரி வெயில்தான். ஊர் எவ்வளவு வேகிறதோ அவ்வளவு நேரம் கரடி வாசலில் நிற்க வேண்டும்.

கத்திரி நடுவில் ஒரு சனிக்கிழமை. அன்று கரடி ஜெயிக்க வேண்டிய வாரம். நான் ஒரு சுற்று சுற்றி, வாலை ஆட்டி, தோற்பதற்குத் தயாராக நின்றேன். கரடி என் மேல் கை வைத்தது. பிறகு முழங்கால் மடங்கி, அப்படியே மல்லாந்து விழுந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஒன், டூ, த்ரீ. எனக்குக் கோபம் வந்தது. என் முறையை மறுபடி திருடிவிட்டாரே என்று முதலைக் காலால் அவர் காலைத் தள்ளினேன். "மாமா, ஏந்திரு. இன்னிக்கு நான்தான் படுக்கணும்," என்று சட்டத்தை மீறிப் பேசினேன். எண்ணி முடித்துக் கைதட்டினார்கள். கரடி எழுந்திருக்கவில்லை. அது சிரித்துக்கொண்டிருந்தது.

ஜிப் முதுகில் இருந்தது. முதுகு தரையில் இருந்தது. அந்தக் கனத்தை நான் ஒருத்தியாகப் புரட்ட முடியவில்லை. என் கையில் மூன்று விரல் ஸ்பாஞ்சு உறை, அதைக் கழற்றவும் பதற்றத்தில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். "புடிங்க, யாராவது புடிங்க!" என்று கத்தினேன். முதலை கத்துவதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள், போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். நான் என் தலையைப் பிடுங்கி எறிந்த பிறகுதான், தலைமுடி ஒட்டி அழுகிற ஒரு பொம்பளையைப் பார்த்த பிறகுதான், சிரிப்பு நின்றது. பூக்காரம்மா ஒருத்தியும் ஷோரூம் வாட்ச்மேனும் ஓடி வந்து புரட்டினார்கள். ஜிப்பை இறக்கினேன். எத்தனையோ ஆயிரம் தடவை இறக்கிய ஜிப். முதுகில் வேர்வையே இல்லை. காய்ந்து, அடுப்புக் கல் மாதிரி சுட்டது. அவர் வாயைத் திறந்து பார்த்தபோது கன்னத்துக்குள் புளியங்கொட்டை இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரெண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது, இது இன்றைக்கு நேற்று நடந்தது அல்ல, பல வருஷ வெயிலும் தண்ணீர் இல்லாததும் அந்த வலி மாத்திரையும் சேர்ந்து செய்தது என்றார். "இவ்வளவு சூட்டுல வேலை செய்யற மனுஷன் தண்ணி குடிக்காம இருந்தா எப்படிம்மா? யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். கரடி என்று வாய் வரை வந்தது.

என் கிட்னியில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். டெஸ்ட் எடுத்தார்கள். என் ரத்தம் அவருக்குச் சேராது என்றார்கள். குளிர் ரத்தமும் வெப்ப ரத்தமும் எப்படிச் சேரும், அதைத்தான் பரீட்சையிலேயே எழுதிவிட்டேனே. அவருக்குச் சொந்தம் என்று வேறு யாரும் இல்லை. வரிசையில் பேர் எழுதி வைத்திருக்கிறோம். அந்த வரிசை நகர்ந்து அவர் முறை வரும் என்று நான் நம்பவில்லை. நம்புகிறேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். மிஷின் அவர் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விடுகிறது. மற்ற நாட்களில் அவர் ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடக்கிறார், அசையாமல், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு. கிண்டியில் பார்த்த முதலை மாதிரி. சில சமயம் மூச்சு இருக்கிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்க்கிறேன்.

ஆனால் எனக்கு ஆறாத கொடுமை வேறு. இப்போது அவருக்குத் தண்ணீர் கூடாது. ஒண்ணுக்கு நின்றுவிட்டது, குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல் நெஞ்சில் ஏறிவிடும் என்றார்கள். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சின்னப் பாட்டிலில் பாதிதான். குடி குடி என்று நான் பின்னாலேயே அலைந்த காலத்தில் வேண்டாம் என்று தலையாட்டினார். இப்போது தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு, "ஏம்மே, ஒரு வாய், ஒரே ஒரு வாய்," என்று கெஞ்சுகிறார். நான் குடத்தைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன். குழாய் அறைக் கதவுக்குப் பூட்டு போட்டிருக்கிறேன். கட்டின புருஷனுக்குத் தண்ணீரைப் பூட்டி வைக்கிற பாவத்தை எந்தச் சாமி எனக்கு எழுதியது என்று தெரியவில்லை. கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிறேன்.

அவர் மறுபடி புளியங்கொட்டையைத் தேடி வாயில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த அன்று நான் அவர் வாயில் விரலை விட்டுத் தோண்டி எடுத்து ஜன்னல் வழியாக வீசினேன். இருவரும் அழுதோம்.

தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ் கட்டியைச் சப்பச் சொல்லுங்கள், தண்ணீர் குறைவு, நேரம் போகும் என்று நர்ஸம்மா சொன்னார். பக்கத்து வீட்டில் விலைக்கு வந்த பழைய ஃபிரிட்ஜ் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் ஐஸ் மட்டும்தான் வைக்கிறேன். "இத்தினி வருசம் கழிச்சு கரடிக்குப் பனி கெட்ச்சிது," என்றார் முதல் நாள், நாக்கில் வைத்துக்கொண்டு. நான் சிரிக்கவில்லை.

நான் முதலையாகத்தான் இன்னும் நிற்கிறேன். வேறு வேலைக்குப் போனால் டயாலிசிஸ் நாளில் லீவு தர மாட்டார்கள். இவர்கள் அந்த ஒன்றை மட்டும் தருகிறார்கள்.

போன வாரம் ஷோரூம் வாசலில் கரடி மறுபடி நின்றது. அதே கரடி. துவைத்து, வாசனை அடித்து, கிழிந்த இடத்தைத் தைத்து வைத்திருந்தார்கள். உள்ளே யாரோ வடநாட்டு ஆள், நாற்பது வயது இருக்கும், தமிழ் வரவில்லை. "சனிக்கிழமை ஃபைட்டு வச்சிக்கலாமா? பசங்க கேக்குறாங்க," என்றார் சூப்பர்வைசர். மனதுக்குள் அவரை நல்லபடியாகத் திட்டினேன். வெளியே தலையாட்டினேன்.

மத்தியானம் அந்தக் கரடி சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். தண்ணீர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். முதுகைத் தொட்டு, ஜிப்பைக் காட்டி, கழற்றி விடுகிறேன் என்று ஜாடை காட்டினேன். பாக்கெட்டை நீட்டினேன். அந்தப் பெரிய வெள்ளைத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. நான் விடாமல் கையில் திணித்தேன். கரடி அதை வாங்கிப் பத்திரமாகச் சுவர் ஓரத்தில் வைத்துவிட்டு, வருகிற ஒரு குடும்பத்துக்குக் கையாட்டப் போய்விட்டது. சாயங்காலம் வரை அந்தப் பாக்கெட் அங்கேயே வெயிலில் இருந்தது.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவர் கேட்டார். ஷோரூமில் புது ஆள் வந்ததை யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள்.

"புதுக் கரடி எப்டி கீது?"

"நல்லா கீது."

"தண்ணி குடிக்கிறானா?"

அவர் கண்கள் வெளிறி, பெரிதாக என்னையே பார்த்தன. அவ்வளவு ஆசையாக அவர் சமீபத்தில் எதையும் கேட்டதில்லை.

"குடிக்கிறான் மாமா. பாட்டில் பாட்டிலா குடிக்கிறான்."

"அப்பால ஒண்ணுக்குப் போவணுமே. யாரு ஜிப் கழட்டி வுடறா?"

"நான்தான்."

ஐஸ் தட்டைத் திறந்து ஒரு கட்டியை எடுத்து அவர் நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பையை எடுத்தேன்.

"எனிக்கும் நீ கழட்டி வுடறேன்னு சொல்லிக்கினுதான் இருந்த," என்றார். "நான்தான் போவல."

ஐஸ் கரைந்து கடைவாயில் வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். குழாய் அறைப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.